எலிக்காய்ச்சலுக்குப் பின் கண் சிவந்தால்: ஹீமோஃபீலியா வீட்டாருக்கு

எலிக்காய்ச்சலில் (லெப்டோஸ்பைரோசிஸ்) கண் இரண்டு தடவை சிவக்கலாம். காய்ச்சலோடு வரும் சிவப்பில் பீளை இருக்காது, பெரும்பாலும் தானே போய்விடும். பார்வையைக் கெடுப்பது அடுத்தது: காய்ச்சலை எல்லாரும் மறந்த பிறகு, சில வாரமோ சில மாதமோ கழித்துக் கண்ணுக்குள் வரும் யுவியைட்டிஸ் அழற்சி. 1993 மழைவெள்ளத்துக்கு அப்புறம் மதுரை வட்டாரத்தில் பலருக்கு வந்தது இதுதான். 2024 டிசம்பரில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்த மாதிரி வெள்ளத்தில் நடந்தவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா உள்ள வீடுகளில் கண் சிவந்தாலே "ரத்தம் கட்டியிருக்கு" என்று ரத்தத்தை உறையவைக்கும் புரத ஊசியான ஃபேக்டரைப் போட்டுவிட்டு இருந்துவிடுவோம். கண்ணாடியில் பாருங்கள். வெள்ளை விழியில் குங்குமம் அப்பியதுபோல் ஒரு பக்கம் திட்டாக, வலியில்லாமல், பார்வை தெளிவாக இருந்தால் அநேகமாக ரத்தக்கசிவு. கருவிழியைச் சுற்றி வளையமாகச் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கி, பூச்சி பறப்பது தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவர்.

புதுச்சேரியில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையோ ஜிப்மரோ, எங்கே போனாலும் பழைய எலிக்காய்ச்சல் ரிப்போர்ட், ஃபேக்டர் அளவு, இன்ஹிபிட்டர் (ஃபேக்டரை வேலை செய்யவிடாத எதிர்ப்பொருள்) ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். கண்ணுக்கு வந்தவர் பழைய காய்ச்சலைத் தானாகச் சொல்வது அபூர்வம், நீங்களே சொல்லுங்கள். ஓ.பி. சீட்டின் தலையில் ஹீமோஃபீலியா என்று சிவப்பு மையில் எழுதிவிடுவது எங்கள் பழக்கம்.

காரணம் ஊசி. சொட்டு மருந்துக்கு ஃபேக்டர் வேண்டாம். கண்ணைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும், கண்ணுக்குள்ளிருந்து பரிசோதனைக்கு நீர் எடுப்பதற்கும் முன்னால் ஃபேக்டர் போட்டாக வேண்டும். கண்குழிக்குள் ரத்தம் கட்டினால் பார்வை நரம்பு நசுங்கும். எவ்வளவு ஃபேக்டர் என்பதை ஹீமட்டாலஜி (ரத்த நோய்) டாக்டர் எழுதித் தருவார். கணக்கு இதுதான்: கிலோவுக்கு ஒரு யூனிட் ஃபேக்டர் 8 போட்டால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும், 60 கிலோ ஆளுக்கு 50 சதவீதம் ஏற்ற 1500 யூனிட். ஃபேக்டர் 9 என்றால் 1 சதவீதம்தான் ஏறும். ஃபேக்டர் 8 பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். காலையில் போட்டுக்கொண்டு வந்து, ஊசி சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனால் போட்டது பாதி வீண். ஊசி நேரத்தை உறுதி செய்த பிறகே குப்பியைக் கலக்குங்கள். ஃபேக்டர் 8-க்குப் பதிலாக வேலை செய்யும் எமிசிசுமாப் ஊசி போடுகிறவர்களுக்கு ஏ.பி.டி.டி. என்ற ரத்தம் உறையும் நேரப் பரிசோதனை நார்மல் என்றே வரும். அதை நம்பி ஊசிக்குச் சம்மதிக்கக் கூடாது.

பிரெட்னிசலோன் 1 சதவீதச் சொட்டை முதலில் மணிக்கொரு தடவை விடச் சொல்வார்கள். மருந்து அடியில் படியும், நன்றாகக் குலுக்காவிட்டால் மருந்தில்லாத நீர்தான் விழும். ஹோமட்ரோபின் அல்லது அட்ரோபின் சொட்டு, கண் பாப்பா லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க. இரண்டு சொட்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம். சிவப்பு போயிற்றே என்று நிறுத்தினால் அழற்சி திரும்பும். வாரக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். கண் அழுத்தமும் ஏறலாம், செக்கப்பைத் தவறவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையாகக் கொடுத்தால் வயிற்றில் ரத்தம் கசியாமலிருக்க அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் உண்டா என்று கேளுங்கள்.

காய்ச்சல் சமயத்தில் இடுப்பில் போடும் டைக்ளோஃபெனாக் வலி ஊசி வேண்டவே வேண்டாம். எலிக்காய்ச்சலே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். பாராசிட்டமால் போதும்.

சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் வடிவமாகும் ரத்த நோய்) உள்ளவர்களுக்குக் கதை வேறு. கண் அழுத்தத்துக்கான அசிட்டசோலமைடும் ஸ்டீராய்டு மாத்திரையும் வலி நெருக்கடியைத் தூண்டலாம். தலசீமியாவுக்கு, உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற டெஸ்ஃபெராக்ஸமின் போடுகிறவர்கள் அதைக் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மருந்தே விழித்திரையைக் கெடுத்துப் பார்வையை மங்கச் செய்யலாம்.