ஒழுகும் பைப்பும் ஐந்தாம் வாய்ப்பாடும்: தரம் 3 நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

இந்தத் தவணைக்கு எங்கள் கொழும்புப் பாடசாலையில் தரம் 3 பிள்ளைகளுக்கு என்னென்ன இருக்கிறது என்று நேற்றிரவு ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். கணிதத்தில் பெருக்கல் வாய்ப்பாடு, பங்கிடுதல், நேரம், திரவ அளவு. தமிழில் ல-ள-ழ, ர-ற, சின்னக் கடிதம் எழுதுதல். சுற்றாடலில் நீர். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் வேறு டீச்சர்மார் வருகிறார்கள். சமயப் பாட நேரத்தில் வகுப்பே மூன்றாகப் பிரிந்து மூன்று அறைகளுக்குப் போய்விட்டு, மணி அடித்ததும் திரும்பி வந்து ஒரே வாங்கில் உட்கார்ந்துகொள்ளும்.

எழுதி முடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தண்ணீர். சுற்றாடலில் நீர், கணிதத்தில் லீற்றர், வெளியே தென்மேற்குப் பருவமழை. இவற்றைத் தனித்தனியாக ஏன் படிப்பிக்க வேண்டும்? ஒரே கயிற்றில் கோர்த்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டில் இருக்கும் வெறும் போத்தல்கள், யோகட் கோப்பைகள், எது கிடைத்தாலும் கழுவிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

36 பிள்ளைகள், எண்ண முடியாத அளவு போத்தல்கள். ஒருத்தி காய்ச்சல் சிரப்போடு வரும் சின்னக் கோப்பையைக் கொண்டு வந்திருந்தாள். அதில் 5 மில்லிலீற்றர் என்று கோடு போட்டிருக்கிறது. அதை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மில்லிலீற்றர் என்ற சொல் அதுவரைக்கும் புத்தகத்தில்தான் இருந்தது. இன்றைக்கு அது அம்மா மருந்து ஊற்றித் தரும் அளவாகிவிட்டது.

ஒரு லீற்றர் தண்ணீரை உயரமான மெல்லிய போத்தலில் ஊற்றினேன். அதே அளவை அகலமான ஐஸ்கிரீம் டப்பாவிலும் ஊற்றினேன். எதில் கூட? என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் போத்தலைத்தான் காட்டினார்கள். ஒருவன் மாத்திரம், "ஊத்திப் பாக்காம எப்பிடிச் சொல்றது டீச்சர்" என்றான். அந்தப் பதிலுக்காக அவனையே முன்னால் கூப்பிட்டு ஊற்றவைத்தேன். பிறகு 200 மில்லிலீற்றர் கோப்பையால் அளந்தோம். இதிலும் ஐந்து, அதிலும் ஐந்து. நம்பாத இரண்டு பேர் திரும்பவும் அளந்தார்கள். அவர்களைத் தடுக்கவில்லை. தரையெல்லாம் தண்ணீர்.

கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி எழுத வேண்டும். பெருக்கல் என்றாலே தலையைக் குனிந்துகொள்கிறவள். புளூமெண்டல் பக்கம், வீடுகள் நெருக்கமாக இருக்கும் ஒரு தோட்டக் குடியிருப்பில் வீடு. அங்கே பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு பொதுப் பைப். இன்றைக்கு எந்தப் பாத்திரத்தைக் காட்டினாலும் எத்தனை லீற்றர் பிடிக்கும் என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். வாளி பத்து, பெயின்ற் டப்பா நாலு. அளந்து பார்த்தோம், பெரிதாகப் பிசகவில்லை. தினமும் தூக்குகிறவளுக்குக் கைக்கே அளவு தெரியும்.

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே மழை. நாளைக்குப் பொசன் போயா, பாடசாலை இல்லை. பிள்ளைகள் எந்தச் சந்தியில் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல் போடுகிறார்கள், எங்கே ஐஸ்கிரீம், எங்கே பாண் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வாய்ப்பாட்டை மட்டும் இரண்டு தடவை சொல்லவைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

கை கழுவும் இடத்தில் மூன்றாவது பைப் ஒழுகுகிறது. போன தவணையிலிருந்தே ஒழுகுகிறது. சொட்டுச் சொட்டாக இல்லை, நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. தினமும் பார்த்துப் பார்த்து எங்களுக்கெல்லாம் கண் பழகிவிட்டது. இன்றைக்கு ஒரு லீற்றர்ப் போத்தலை அதன் கீழே வைத்து, என் கைக்கடிகாரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நேரம் பார்க்கும் பாடமும் அதோடு ஆயிற்று.

போத்தல் நிறைய 12 நிமிடம் எடுத்தது.

அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு? கடிகார முகத்தைக் கரும்பலகையில் வரைந்து பன்னிரண்டு பன்னிரண்டாக வெட்டினோம். 12, 24, 36, 48, 60. ஐந்து துண்டு, ஐந்து லீற்றர். ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம். இரவில் நாங்கள் நித்திரை கொள்ளும்போதும் ஒழுகுமா என்று ஒருவன் கேட்டான். ஒழுகும் என்றேன். வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிட்டது. பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டத் தொடங்கினார்கள். சிலர் விரலால், சிலர் கோடு போட்டு. வாய்ப்பாடு தெரிந்தவர்கள் பத்தைந்து ஐம்பது, இன்னொரு ஐம்பது, நாலைந்து இருபது என்று முந்திக்கொண்டார்கள். 120 லீற்றர்.

நான் 120 என்று பலகையில் எழுதித் திரும்பும்போது கடைசி வாங்குப் பிள்ளை எழுந்து நின்றிருந்தாள். தானாக எழுந்து அவள் பேசுவது இந்த வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"டீச்சர், அது எங்க வீட்டுத் தண்ணி."

எனக்கு உடனே விளங்கவில்லை. என்ன மகள் என்று கேட்டேன். அவர்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு கேன், ஒரு கேன் 20 லீற்றர் என்றாள். குளிக்க, சமைக்க, குடிக்க, அஞ்சு பேருக்கும் அவ்வளவுதான். நான் வெண்கட்டியை அவள் கையில் கொடுத்தேன். ஆறு இருபதுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினாள். 120.

பெருக்கல் வராது என்று அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் போன தவணை எழுதியது நான்தான். அந்த வரியை இந்த முறை மாற்றி எழுத வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

வெள்ளிக்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். அதனால் இன்றைக்கு வகுப்பில் வேறு பேச்சே இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டுமில்லை, சைவப் பிள்ளைகளும் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அது புதினமில்லை. அந்தப் பேச்சையே தமிழ்ப் பாடமாக்கி, பார்த்ததை ஐந்து வசனத்தில் எழுதச் சொன்னேன்.

மழையும் வந்ததாம், "மலை" என்று எழுதியவர்கள் பதினொரு பேர். ஒருவன் "தேரை மலையில் நனைத்தார்கள்" என்று எழுதியிருந்தான். குறை சொல்ல முடியாது. நம் தெருவில் யாரும் ழகரத்தை நாக்கை மடித்துச் சொல்வதில்லை. வாழைப்பழம் வாளப்பளம்தான். காதில் விழாத எழுத்தைக் கை எப்படி எழுதும்? அதனால் சிவப்புப் பேனையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்கச் சொன்னேன். ல சொல்லும்போது நுனி நாக்கு பல்லுக்குப் பின்னால் படுகிறது. ள சொல்லும்போது மேலே அண்ணத்தில். ழ சொல்லும்போது மேலே வளைந்து எங்கேயும் ஒட்டாமல் நிற்கிறது. விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மழை, மலை. வெள்ளம், வெல்லம். பத்துத் தடவை கத்தினார்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு சொல்வதெழுதுதல் வைத்தேன். மலை என்று எழுதியவர்கள் பதினொன்றிலிருந்து நாலாகக் குறைந்தார்கள்.

ஜூன் 19, வியாழன்

பைப்பில் வரும் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? "டாங்கியில இருந்து." டாங்கிக்கு? "ரோட்டுக்கு அடியில இருந்து." அதற்கு முன்னால்? யாருக்கும் தெரியவில்லை.

களனி கங்கையை ஒரு நீலக் கயிறாகத் தரையில் போட்டேன். 145 கிலோமீற்றர் ஓடும் ஆறு. மேலே சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்று இரண்டு கிளைகள் இறங்கிவந்து ஒன்றாகின்றன. கித்துல்கலை, அவிசாவளை, கடுவெல. அப்புறம் அம்பத்தளை. அங்கேதான் நீர் வழங்கல் சபை ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து கொழும்புக்கு அனுப்புகிறது. மழை குறைந்த காலத்தில் கடலின் உப்பு நீர் ஆற்றுக்குள் ஏறி வந்துவிடும் என்பதால் அம்பத்தளையில் அதற்கொரு தடுப்பும் உண்டு. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது.

நான் கயிற்றின் மேல்நுனியில் மலையக ஊரான நோர்வூட்டின் பெயர் எழுதிய ஒரு துண்டை வைத்தபோது, அன்று "ஊத்திப் பாக்காம எப்பிடி" என்றானே, அவன் துள்ளிவிட்டான். அவனுடைய தாத்தா நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். அங்கே லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே ஓடும் ஆற்றில் அவன் குளித்திருக்கிறான்.

"அப்ப தாத்தா வீட்டு ஆத்துத் தண்ணிதான் எங்க வீட்டுப் பைப்புல வருதா டீச்சர்?"

ஆமாம் மகன், அதுவும் கலந்துதான் வருகிறது என்றேன். கயிற்றின் மேல்நுனியிலிருந்து அம்பத்தளை வரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

கயிறு முடியும் இடத்தில் என்ன எழுதுவது? முகத்துவாரம். வகுப்பில் எட்டுப் பேருக்கு அதுதான் ஊர். பஸ்ஸின் பெயர்ப்பலகையில் தினமும் வாசிக்கிற சொல், பொருள் கேட்டால் தெரியாது. பிரித்துப் பார்த்தோம். முகம், துவாரம். "முகத்துல துவாரம்னா மூக்கா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. ஆற்றின் முகம் எது, வாசல் எது என்று கயிற்றைப் பார்த்தே யோசிக்கச் சொன்னேன். ஆறு கடலுக்குள் போகும் வாசல் என்று கண்டுபிடித்தது மட்டக்குளியிலிருந்து வரும் பிள்ளை. அடுத்த பாடத்துக்கு வந்த சிங்கள டீச்சரிடம் எல்லோருமாக ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊரின் சிங்களப் பெயரான மோதர என்றாலும் அதே பொருள்தான் என்று அவர் சொன்னாராம். தங்கள் ஊருக்கு இரண்டு மொழியிலும் ஒரே அர்த்தம் என்பதில் அந்த எட்டுப் பேருக்கும் அப்படியொரு பெருமிதம்.

ஜூன் 24, செவ்வாய்

பாடசாலை விட்ட பிறகு ஒரு அம்மா காத்துக்கொண்டு நின்றார். மகனைத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே மாலை வகுப்புக்கு அனுப்புகிறார்கள். கிழமையில் மூன்று நாள். "டீச்சர், குறை நினைக்காதீங்க. போத்தல்ல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா பேப்பர் செய்ய வருமா?"

அவர் கேட்டதில் பிழையில்லை. நல்ல பாடசாலை ஒன்றில் இடம் கிடைக்க வேண்டுமே என்ற பயம் அது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. மகனுடைய கொப்பியை எடுத்துக் காட்டினேன். 12 நிமிடத்துக்கு ஒரு லீற்றர் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அவன் செய்த கணக்கு. இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அவன் யோசித்துச் செய்வான் அம்மா, பாடமாக்கினால் எண் மாறினதும் நின்றுவிடுவான் என்றேன். அவர் அந்தப் பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிழமையில் மூன்று மாலை கொஞ்சம் அதிகம் என்று மட்டும் சொன்னேன். சரி டீச்சர், யோசிக்கிறோம் என்றார்.

ஜூன் 26, வியாழன்

தமிழில் கடிதம். யாருக்கு எழுதலாம்? அதிபருக்கே எழுதலாம் என்றார்கள். "எங்கள் மூன்றாவது பைப் ஒரு நாளைக்கு 120 லீற்றர் தண்ணீரை வீணாக்குகிறது. தயவுசெய்து திருத்தித் தாருங்கள்." 36 கடிதத்திலும் அந்த 120 இருந்தது. கடைசி வாங்குப் பிள்ளை இன்னொரு வசனம் சேர்த்திருந்தாள். "இது ஆறு கேன் தண்ணீர்." மழை, பழுது என்று ழகரமும் சரியாக இருந்தது. அதிபர் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார். பிற்பகலே ஆள் வந்து உள்ளே இருந்த வொஷரை மாற்றிவிட்டுப் போனார். பழைய வொஷரை எறிய விடவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வகுப்பு மூலையில் வைத்திருக்கிறார்கள். ஓரம் தேய்ந்த ஒரு கறுப்பு வட்டம், ஐந்து ரூபாய்க் காசை விடச் சின்னது.

ஜூலை 1, செவ்வாய்

நோர்வூட் தாத்தாவைப் பார்க்கச் சனி ஞாயிறு குடும்பத்தோடு போனவன், நேற்று ஒரு லீற்றர்ப் போத்தல் நிறைய ஆற்றுத் தண்ணீர் கொண்டு வந்தான். ஹட்டனிலிருந்து ரயிலில் கோட்டை வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தானாம். மழைக்காலத்து ஆறு, தேத்தண்ணி நிறம். பக்கத்தில் பைப் தண்ணீரையும் அதே மாதிரிப் போத்தலில் வைத்தோம். இரண்டும் ஒரே ஆறென்று யாரும் நம்பவில்லை.

அசைக்காமல் ஒரு நாள் வைக்கச் சொன்னேன். இன்று காலை மணி அடிக்க முன்னமே எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மேலே தண்ணீர் தெளிந்திருந்தது, அடியில் மண். அம்பத்தளையில் படிகாரம் போட்டு இதைத்தான் பெரிய தொட்டிகளில் சீக்கிரமாகச் செய்கிறார்கள், பிறகு மணலில் வடித்து, குளோரின் சேர்க்கிறார்கள் என்று சொன்னேன். அப்ப மேல இருக்கிறதைக் குடிக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது, தெளிந்தாலும் கிருமி கண்ணுக்குத் தெரியாது என்றேன்.

கடைசி வாங்குப் பிள்ளை அடிமட்டத்தைப் போத்தலோடு ஒட்டி வைத்துக் குனிந்து பார்த்தாள். அரைச் சென்ரிமீற்றர் என்றாள். பக்கத்தில் நின்றவன் கரும்பலகையில் திகதி போட்டு அதை எழுதினான்.