லண்டனுக்கு எத்தனை மணித்தியாலம்?

கிளிநொச்சியில் யாராவது லண்டன் போகிறார்கள் என்றால் எல்லாரும் கேட்பது "எத்தனை மணித்தியாலம்?" என்றுதான். இணையத்தில் தேடினால் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், நேரடி விமானத்தில் 11 மணித்தியாலம் போல என்று வரும். சரி, ஆனால் அந்த 8,700 பூமியின் வளைவோடு நூல் பிடித்து அளந்த ஆகக் குறுகிய தூரம். விமானமோ மூடிய வான்பரப்பு, சண்டை நடக்கிற நாடு, காற்று எல்லாம் பார்த்துச் சுற்றித்தான் போகும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசுவதால் திரும்பி வரும்போது வழமையாகக் கொஞ்சம் கெதியாக வந்துவிடலாம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் நாலரை. பகல் ஒரு மணிக்கு ஏறி பின்னேரம் ஆறரைக்கு இறங்கினேன், ஐந்தரை மணித்தியாலம்தான் என்று பெரியப்பா யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கனடாவுக்கு நேரடியாக இல்லை, டுபாயிலோ டோகாவிலோ மாறவேண்டும், ரொறன்ரோ போய்ச்சேர 20 மணித்தியாலத்துக்கு மேல்.

இதில் ஒன்றிலும் சேராதது எங்கட ரோட்டுப் பயணம். வவுனியா தாண்டி, கட்டுநாயக்காவுக்கு வாகனத்தில் ஆறேழு மணித்தியாலம், அங்கே மூன்று மணித்தியாலம் முன்னுக்கே நிற்கவேணும். லண்டனுக்குப் பறக்கிற நேரம் கிட்டத்தட்ட அதிலேயே போய்விடும்! யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் கிட்டத்தான், சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஆனால் அங்கிருந்து லண்டனுக்கு வேறு டிக்கெட் எடுத்தால், பெட்டியை வெளியே எடுத்துத் திரும்பப் போட இந்திய விசாவும் தேவைப்படும்.