இரண்டு மணி நேரம் நின்றே படித்தேன்: பாரிஸில் போஸி சிம்மண்ட்ஸ்

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி பாரிஸிலிருந்து திரும்பினேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. எப்படிப் போவது, என்ன செலவாகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் மனசு முழுக்க போஸி சிம்மண்ட்ஸ் என்ற ஆங்கிலேயச் சித்திரக் கதைக்காரரின் கண்காட்சிதான் இருந்தது.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். விமான நிலையத்தில் சுங்கம் தாண்டி வெளியே வந்ததுமே ஒருத்தர் “டாக்ஸி, டாக்ஸி” என்று என் பெட்டியில் கை வைத்துவிட்டார். 90 யூரோவாம். நம் காசில் 8,000 ரூபாய்! முறையான டாக்ஸிக்கு நகரின் வடபாதி வரை அரசே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. அது 60 யூரோவுக்குள்தான். கட்டிடத்துக்குள் வந்து கூப்பிடுகிற யார் பின்னாலும் போகாதீர்கள். நான் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் ஏறினேன். 11.80 யூரோ. அதுவே வலிக்கத்தான் செய்தது.

கண்காட்சிக்கு மட்டும் ஒரு பைசா செலவில்லை. பொம்பிதூ கலை மையத்தில் அப்போது இருந்த பொது நூலகத்தில் நடந்தது; அனுமதி இலவசம். தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் வெளிப்பக்கம் ஓடவிட்டு வண்ணம் அடித்திருப்பார்களே, அந்தக் கட்டிடம்தான். அது திறந்தது 1977-இல். அதே வருடம்தான் லண்டனில் போஸி சிம்மண்ட்ஸ் ‘கார்டியன்’ நாளிதழில் வாராவாரம் சித்திரத் தொடர் போட ஆரம்பித்தார். வெண்டி வெபர் என்ற முன்னாள் நர்ஸ், சமூகவியல் பாடம் எடுக்கும் அவள் கணவன், ஆறு பிள்ளைகள். நல்ல கொள்கைகளோடு வாழ நினைக்கிற நடுத்தரக் குடும்பம், கொள்கைக்கும் வீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கிற கதை. ஊர் வேறாக இருந்தாலும் பேச்சு நம் வீட்டுக் கூடத்தில் கேட்ட மாதிரி இருக்கிறது.

நான் போனதே ‘ஜெம்மா பொவரி’யின் மூலப் பக்கங்களைப் பார்க்கத்தான். குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலைக் கையில் எடுத்து, 1999-இல் போஸி புத்தகமாகக் கொண்டுவந்த கதை. லண்டனை விட்டு பிரான்ஸின் நார்மண்டி கிராமத்தில் குடியேறும் ஆங்கிலேயத் தம்பதி; மனைவி பெயர் ஜெம்மா. அவர்களை ரொட்டிக்கடைக்காரர் ஜூபேர் கவனிக்கிறார். நாவல் படித்தவர் அவர். பெயரும் ஒத்துப்போகிறது, அவள் போக்கும் ஒத்துப்போகிறது; நாவலின் நாயகி எம்மாவுக்கு வந்த கதி இவளுக்கும் வந்துவிடுமோ என்று மனுஷன் பதறுகிறார். ஜெம்மா இறந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. அவளுடைய டைரிகளை எடுத்துவந்து வைத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியோடு ஜூபேர்தான் கதை சொல்கிறார்.

ஒரு பக்கத்தின் முன்னால் மட்டும் கால் மணி நேரம் நின்றேன். ஜூபேரின் குரல் அச்செழுத்தில் பத்தி பத்தியாக ஓடுகிறது. ஜெம்மாவின் டைரி வரும் இடத்தில் கையெழுத்து. நடுவில் படம் வந்து, இருவரும் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறது. முழுக்க கறுப்பும் சாம்பலும்தான். கிட்டே போய்ப் பார்த்தால் ஜெம்மாவின் கண்ணிமைக்குக் கீழே பென்சில் கோடு ஒன்று அழிந்தும் அழியாமலும் தெரிகிறது. முதலில் கண் கொஞ்சம் திறந்திருந்திருக்கிறது, பிறகு தாழ்த்தியிருக்கிறார். அரை மில்லிமீட்டர் இருக்குமா? அந்த அரை மில்லிமீட்டரில் சலிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது! புத்தகத்தில் இது தெரியவே தெரியாது.

நம் ஊரில் காமிக்ஸ் படித்தால் “இன்னும் என்ன சின்னப் பிள்ளை மாதிரி” என்று கேட்பார்கள். கேட்பவர்களை இந்தச் சுவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இது படிக்க வேண்டிய எழுத்து. வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வரி வரியாக விரலால் காற்றில் தொட்டபடி படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆங்கிலேயப் பெண்மணி பிரெஞ்சு நாவலை இவ்வளவு உரிமையோடு கலைத்துப் போட்டிருக்கிறார், பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் நூலகச் சுவரில் மாட்டிக் கொண்டாடினார்கள். அதற்கு முந்தைய மாதம், 2024 ஜனவரியில், பிரான்ஸின் அங்கூலேம் நகரில் நடக்கும் காமிக்ஸ் விழாவின் பெரிய பரிசையும் அவருக்கே கொடுத்தார்கள். 78 வயதில்! செய்தியைப் படித்த அன்று எனக்குச் சத்தியமாகக் கண் கலங்கியது.

போஸியின் இன்னொரு புத்தகமான ‘தமாரா ட்ரூ’வின் பக்கங்கள் வண்ணத்தில் இருக்கின்றன. தாமஸ் ஹார்டி நாவலின் சாயலில் எழுதியது. எழுத்தாளர்கள் தங்கி எழுதும் கிராமத்துப் பண்ணை வீட்டில் நடக்கிறது. சினிமாவாகவும் வந்தது. இரண்டு கதைகளின் படங்களிலும் நாயகி ஜெம்மா ஆர்ட்டர்டன்தான். என்னைக் கேட்டால் ‘தமாரா’வைவிட ‘ஜெம்மா’ ஒரு படி மேல். எழுத்தாளர்களின் தற்பெருமையைக் கிண்டல் செய்யும் ஒரு பக்கக் கதைகளைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பையன் நான் எதைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று எட்டிப் பார்த்து, அவனும் சிரித்தான்.

வெளியே வந்தபோது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. எதிரே ஒரு கடையில் ஒரு காப்பி ஐந்தரை யூரோ. அநியாயம். பேசாமல் லா ஷாப்பெல் போய்விட்டேன். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் இடம்; கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். தெருவில் கால் வைத்ததுமே கொத்து ரொட்டிக் கல்லில் தகடு தட்டும் சத்தம்! “தம்பி, இந்தியாவோ? இருங்கோ, உறைப்புப் போடட்டோ?” என்றார் கடைக்கார ஐயா. போடச் சொன்னேன். 8 யூரோவுக்கு மலை மாதிரி ஆட்டுக்கறிக் கொத்து, மேலே ஒரு ப்ளேன் டீ. மூன்று நாளில் வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான். கொண்டுபோன காசும் அதனால்தான் தப்பித்தது.

மறுநாள் ஈஃபில் கோபுரம் பார்க்க வைத்திருந்த காலையை விட்டுவிட்டு மறுபடியும் நூலகத்துக்கே போனேன். கண்காட்சி 2024 ஏப்ரல் 1 வரை நடந்தது.