தொட்டிக்கு ஒரு கண்ணாடி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டுக் குளியலறை ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுதான். வாளி, மக், மூலையில் தண்ணீர் போக ஒரு ஓட்டை. எவ்வளவு தெறிக்கக் குளித்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பாரிஸுக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டில் அந்த ஓட்டை கிடையாது. எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சொல்தா பென்ஷன் வாங்குகிறவர். கிளம்பும்முன் குளிரைப் பற்றி, ரொட்டியைப் பற்றி, வாசலில் சொல்ல வேண்டிய 'போன்ழூர்' பற்றியெல்லாம் பாடம் எடுத்தார். குளியலறைத் தரையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. பட்டாள முகாமில் குளித்தவருக்கு அது எப்படித் தோன்றும்?

குளியல் தொட்டிக்குள் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினால், பாதி வெளியேதான் விழும். மூன்றாவது வாரம் கீழ்வீட்டு அம்மாள் மணி அடித்தார். ஒன்றும் பேசாமல் என்னைக் கூட்டிப்போய்த் தன் வீட்டுக் கூரையைக் காட்டினார். தோசை அளவுக்கு ஒரு ஈரத் திட்டு. அன்றிரவு நானும் என் வீட்டுக்காரரும் இன்ஷூரன்ஸ் படிவத்தை அகராதியோடு நிரப்பினோம்.

முதலில் 12 யூரோவுக்கு ஒரு பிளாஸ்டிக் திரை வாங்கினோம். ஈரப் புடவை மாதிரி காலில் ஒட்டும். இரண்டே மாதத்தில் அடி ஓரம் கறுத்துப் பூசணம். சரி, கண்ணாடியே போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனோம்.

அதற்கு அங்கே 'பார்-பெஞ்வார்' என்று பெயர். தொட்டி விளிம்பின் மேல், சுவரோடு சேர்த்துப் பொருத்தும் தடுப்பு. எங்கள் தொட்டி 170 சென்டிமீட்டர் நீளம். முழு நீளத்துக்கும் தள்ளுகதவு வைத்த கண்ணாடியைத்தான் கடைக்காரர் காட்டினார். பார்க்க அழகு, விலையும் அப்படியே. ஆனால் பிள்ளைகளைக் குளிப்பாட்ட நான் எங்கே உட்காருவது? விளிம்பில் உட்கார்ந்து கை நீட்ட இடம் வேண்டும். அதனால் ஷவர் பக்கம் மட்டும் மறைக்கும் 80 சென்டிமீட்டர் அகலம், 140 உயரம், கீல் வைத்துத் திரும்பும் ஒற்றைக் கண்ணாடி என்று முடிவு செய்தோம். 89 யூரோ. 50 யூரோவுக்கு அக்ரிலிக்கும் இருந்தது. விரலால் தட்டினால் ஆடியது, கடையில் வைத்திருந்த மாதிரியிலேயே கீறல். பிள்ளைகள் சாய்ந்து விளையாடும் இடம் என்பதால் டஃபன்டு கண்ணாடிதான் வேண்டும் என்று நின்றேன். உடைந்தாலும் ஈட்டி மாதிரி பிளக்காது, கற்கண்டு போல உதிரும்.

ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் அந்தக் கண்ணாடி 14 கிலோ. நம் ஊர் சிலிண்டரில் அடைக்கும் காஸின் எடை! அவ்வளவும் ஒரே பக்கச் சுவரில் தொங்க வேண்டும். வீட்டுக்காரரிடம் (என் கணவர் இல்லை, வீட்டு ஓனர்) எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் ட்ரில்லைத் தொட்டோம். டைல்ஸில் ஓட்டை போடும்போது ட்ரில்லில் ஹேமரை (இடித்து இடித்துத் துளைப்பதை) அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். சுவரும் நேராக இல்லை; மேலுக்கும் கீழுக்கும் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். நல்லவேளை, சுவரில் பதிக்கும் அலுமினியப் பட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இழுத்துக்கொள்ள இடம் இருந்தது. சிலிக்கோன் பசை பூசி 24 மணி நேரம் யாரும் குளிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அன்று தீபாவளி.

அடியில் இருக்கும் ரப்பர் உதடுதான் உண்மையில் வேலை செய்கிறது, கண்ணாடி சும்மா. குளித்து முடித்ததும் வைப்பரால் ஒரு இழுப்பு இழுக்காவிட்டால் அங்கத்து உப்புத் தண்ணீர் வெள்ளையாய்ப் படியும். அப்புறம் வினிகரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். "குளிக்கிற தண்ணிய மறைக்க ஒன்பதாயிரமாடி?" என்றார். அதற்குள் குளியலறையிலிருந்து சின்னவள் கூப்பிட்டாள். மக்கைக் கையில் பிடித்தபடி சுவரோரம் ஒண்டி நிற்கிறாள், தண்ணீர் எங்கே கீழே விழுந்துவிடுமோ என்று. அம்மா உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்த்தார்.