மதிலின் உச்சியில் ஒரு கிதார்

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக் குழுவினர் 1980, 1981 ஆண்டுகளில் நான்கு நகரங்களில் மட்டுமே நடத்திய ‘தி வால்’ நிகழ்ச்சியை நேரில் கண்டவர்களின் நினைவுகள் எத்தனை முறை வாசித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. பாடல்கள் நகர நகர, பணியாளர்கள் அட்டைச் செங்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, சுமார் 40 அடி உயர மதிலால் இசைக்கலைஞர்களையே மறைத்துவிடுவார்கள். பிறகு அந்த மதிலின் உச்சியில், முதுகுப்புறமிருந்து பாயும் வெளிச்சத்தில் குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோர் தோன்றி கிதாரை மீட்டும்போது, அவருடைய நிழல் கூட்டத்தின்மேல் நீண்டு விழும். இசையை இப்படிக் கண்ணாலும் கேட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள்! 1981 ஜூன் 17 அன்று லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் நிகழ்ச்சியின் முடிவில் மதில் சரிவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்கு, குழுவின் அந்த நான்கு கலைஞர்களையும் ஒரே மேடையில் மீண்டும் காண 2005 வரை காத்திருக்க வேண்டும் என்பது தெரியாது.