கடலும் கோயிலும்: மொரீஷியஸில் ஒரு ஜூன் விடுமுறை

கடற்கரை விடுமுறை என்றதும் சிங்கப்பூரில் நம் வாயில் முதலில் வரும் பெயர்கள் பாலி, பூக்கெட், லங்காவி, மாலத்தீவு ஆகியவைதாம். மொரீஷியஸ் என்றால் தேனிலவுக்குப் போகிறவர்களின் இடம், நமக்குக் கட்டுப்படியாகாது என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் என் தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்த பிறகு, வெயிலும் கடலும் தேடிப் புறப்படும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது அந்தத் தீவுக்குப் போக வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன். ஆனால், சாப்பாடு உட்பட எல்லாவற்றையும் உள்ளேயே தந்து, வெளியே வர அவசியமில்லாமல் செய்துவிடும் பெரிய விடுதிகளில் நாள் முழுவதையும் கழித்துவிட்டுத் திரும்புவதற்காக அவ்வளவு தூரம் பறக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரைப் போல இரண்டரை மடங்கு பரப்புள்ள தீவு அது. விமானத்தில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும்; கடிகாரத்தை நான்கு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். நம் கடப்பிதழுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. வாகனங்கள் இங்கு போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுவதால், வாடகைக் கார் எடுத்து ஓட்டுவதில் தயக்கம் தேவையில்லை. மாலைக்குப் பிறகு பேருந்துகள் குறைந்துவிடுவதால் சொந்தமாக வண்டி இருப்பது நல்லது.

பருவத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயணம் இனிப்பதும் கசப்பதும் அதில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதூரம் தள்ளியிருப்பதால் நம் ஜூன் அவர்களுக்குக் குளிர்காலம். பகலில் இதமான வெயில் அடிக்கும். மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். தீவின் நடுவே மேட்டு நிலத்தில் உள்ள கூர்ப்பிப் நகரில் தூறலும் குளிரும் சேர்ந்து வாட்டும் என்பதால் பெரியவர்களுக்குக் கம்பளிச் சட்டை அவசியம். தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று அந்த மாதங்களில் கிழக்குக் கரையை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஜூனில் போகிறவர்கள் பெல் மார் போன்ற கிழக்குக் கரை ஊர்களை விட்டுவிட்டு, ஃபிளிக் ஆன் ஃபிளாக் இருக்கும் மேற்குக் கரையிலோ, மோன் ஷுவாசி, பெரேபேர் இருக்கும் வடக்கிலோ தங்குவதே சரி. நாங்கள் வடக்கில், பொதுக் கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம்.

தீவைப் பெரும்பாலும் பவளப் பாறைத் திட்டு வேலியிட்டுச் சூழ்ந்திருக்கிறது. பேரலைகள் தூரத்திலேயே வெள்ளைக் கோடாக உடைந்துபோக, கரைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே இடுப்பளவு நீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து கிடக்கிறது. நீச்சல் தெரியாத என் தாயார்கூட என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதில் நின்றிருந்தார். கடல்முள்ளெலிகள் காலில் குத்தும் என்பதால் ரப்பர் காலணி அணிந்தே இறங்க வேண்டும். தெற்கே சுய்யாக் ஊருக்கு அருகில் உள்ள கிரி கிரியில் பாறைத்திட்டு விட்டுப்போயிருப்பதால் இந்தியப் பெருங்கடல் நேராக வந்து கரும்பாறையில் மோதுகிறது. அங்கே கரையில் நின்று பார்ப்பதோடு சரி, குளிக்கக் கூடாது.

பொதுக் கடற்கரை எங்கும் சவுக்குத் தோப்புகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அந்த நிழலில் போய் உட்கார்ந்தால் அந்நாட்டை முழுவதுமாகப் பார்த்துவிடலாம். குடும்பம் குடும்பமாகப் பிரியாணி அண்டாவோடு வந்து இறங்குகிறார்கள். பக்கத்தில் ஒரு கூட்டம் ரவான் என்னும் தோல் பறையைத் தீயில் காய்ச்சிச் சூடேற்றி, சேகா பாடி ஆடத் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் இசை அது. 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தால் பூரி விற்பவர் துணியை விலக்கி, காகிதம்போல் மெல்லிய இரண்டு பூரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மொச்சைக் குழம்பை ஒரு கரண்டி தடவி, தக்காளித் தொக்கும் அரைத்த பச்சை மிளகாயும் வைத்து, ஒரே மடிப்பில் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து நீட்டுகிறார். எண்ணெயில் பொரித்தெடுத்த மிளகாய் வடையை அங்கே பிரெஞ்சு ரொட்டிக்குள் வைத்துக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். என் தாயார் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பருப்ப கொஞ்சம் கொரகொரன்னு விட்டு அரைச்சிருக்காங்க, நம்ம வீட்டு வடையேதான்" என்றார்.

தலைநகர் போர்ட் லூயியை நம்மவர்கள் ஒரு மணி நேரக் கடைத்தெருச் சுற்றலோடு முடித்துக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. 1730களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே அந்தத் துறைமுக நகரை எழுப்பியபோது புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸோடு தமிழ் வணிகர் நாராயண பிள்ளை 1819இல் சிங்கப்பூரில் வந்திறங்குவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முந்திய கதை அது. பிறகு 1834 முதல் பிரிட்டிஷார் கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள்; 1920க்குள் வந்திறங்கியவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் துறையின் எஞ்சிய பகுதி 2006இல் உலக மரபுடைமைச் சின்னம் ஆயிற்று. அங்கே கருங்கல்லில் பதினாறு படிகள் இருக்கின்றன. மூட்டையோடும் குழந்தையோடும் அந்தப் படிகளில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. அந்தப் பதிவேடுகள் இன்றும் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்தவர். தமக்கென ஒரு கடையின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர். வெறும் ஓர் எண்ணாகப் பதிவான அந்தக் கூலிகளைப் பற்றி என் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். பள்ளிப் பாடத்தில் படித்ததைவிட அன்று அதிகம் தெரிந்துகொண்டார்கள்.

கைலாசம் என்று ஊரார் அழைக்கும் சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயிலும் போர்ட் லூயியில்தான் இருக்கிறது. பூசையின்போது என் தாயாருக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் ஒரு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். தேவாரம் முழுவதும் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. ஒரு சொல்கூடப் பிசகாமல் பாடினார். வெளியே வந்ததும் அவர் மகனோடு பேசியது அந்தத் தீவின் பேச்சு மொழியான கிரியோலில். தமிழ் பேச வராது என்றும், முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். என் தாயார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க தங்கச்சி, ஒரு படம் எடுத்துக்குவோம்" என்று தமிழிலேயே சொல்ல, அவர் புரிந்துகொண்டு அருகில் வந்து நின்றார்.

பேச்சு போன பிறகும் எழுத்துக்காக அந்த மக்கள் காட்டிய பிடிவாதம் என்னை வியக்க வைக்கிறது. மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்து நம் எழுத்து இருக்கிறது. 1998இல் வெளியிட்ட புதிய தாள்களில் வரிசையை மாற்றித் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்; அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடித்தார்கள். நம் சில்லறை நாணயத்தில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறித்திருப்பதை நாம் கூர்ந்து பார்ப்பதுகூட இல்லை. அங்கே சந்தையில் காய்கறிக்குக் கொடுக்க எடுத்த இருபத்தைந்து ரூபாய்த் தாளை என் மகள் கொடுக்க மனமில்லாமல் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஷமரெலின் பல வண்ண மண்மேடு, பாம்ப்ளமூஸ் தோட்டத்தின் பெரும் அல்லி இலைகள் ஆகியவற்றை எல்லாப் பயணக் கையேடுகளும் சொல்லிவிடுகின்றன, பார்க்கலாம். லெ மோர்ன் மலையடிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் மட்டும், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நீரில் இறங்குங்கள்.

தைப்பூசக் காவடி அங்கே அரசாங்கப் பொது விடுமுறை. நம் நாட்டில் 1968க்குப் பிறகு அது விடுமுறையாக இல்லை. பத்து நாள் விரதமிருந்து, ஆற்றங்கரைகளிலிருந்து காவடி தூக்கிக் கோயிலுக்கு நடக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல்கள் மிகுதியாக வரும் காலம் என்பதால் விமானம் ரத்தாகும் வாய்ப்பு உண்டு. பயணக் காப்புறுதி எடுத்துக்கொண்டே புறப்பட வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிடும் என்பதால் என் தாயாரும் நானும் மட்டும் அடுத்த தைப்பூசத்துக்குப் போகிறோம். அலுவலகத்தில் விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.