மூலைக்கு மூலை 125 யார்

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமான செய்தி ஆகஸ்ட்டில் வந்தது. இங்கே இங்கிலாந்தில் உதைபந்தாட்டப் பருவம் தொடங்கும் நாட்கள். முதல் நாள் ஆட்டத்தில் மற்றவர்கள் பந்தைப் பார்க்க, அவரிடம் படித்தவர்களின் கண் மைதானத்தின் மூலைக்குப் போகும்: செங்கோணம் சரிதானா?

ஊரில் முதல் மாட்சுக்கு முந்தின நாள் பின்னேரம், மைதானத்துக்குக் கோடு போடும் நேரம் என்று அவரிடம் படித்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சேரின் முடிச்சுப் போட்ட அளவுக் கயிறு வரும்வரை சுண்ணாம்பு நீற்று வாளியில் யாரும் கை வைப்பதில்லை.

விதிப்படி நீளம் 100 முதல் 130 யார் (கெஜம்) வரையும் அகலம் 50 முதல் 100 யார் வரையும் இருக்கலாம். சேர் அளப்பது எப்போதும் 100க்கு 75தான். அப்படி அளந்தால் மூலைவிட்டம் மிச்சமில்லாமல் 125 வரும், 3-4-5 கணக்கு. வர்க்கமூலம் படிக்காத ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சரிபார்த்துவிடும். இரண்டு மூலைவிட்டமும் 125இல் நின்றால் நான்கு மூலையும் செங்கோணம். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் மைதானம் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. முளையைப் பிடுங்கி மறுபடி அளக்க வேண்டும். பெரும்பாலும் பிழை கயிற்றில்தான் இருக்கும். நனைந்த கயிறு சுருங்கும், நடுவில் தொய்ந்த கயிறு தூரத்தைக் கூட்டிக் காட்டும். அதனால் முனைக்கு ஒருவர் போதாது, இடையிடையே தூக்கிப் பிடிக்கவும் ஆள் வேண்டும்.

அதிகம் பிழைப்பது தண்ட உதை (பெனால்டி) பெட்டியின் வளைவு. பெட்டி 44 யார் அகலம், 18 யார் ஆழம். வளைவுக்கான முளையைப் பெட்டிக் கோட்டின் நடுவில் அடித்துவிடுவார்கள். அது கோல் கோட்டிலிருந்து 12 யாரில், தண்ட உதைப் புள்ளியில் நிற்க வேண்டும். அங்கிருந்து 10 யார் கயிற்றைச் சுற்றினால், நடுவிலிருந்து இரு பக்கமும் எட்டெட்டு யாரில் வளைவு பெட்டிக் கோட்டைத் தொடும். உதைப்பவரைத் தவிர மற்றவர்கள் பந்திலிருந்து 10 யார் தள்ளி நிற்கத்தான் அந்த வளைவு. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் சேர் ஒருநாளும் கயிற்றைக் கையில் தந்ததில்லை.

சுண்ணாம்பு தண்ணீர் பட்டு முழுதாக நீறியதாக இருக்க வேண்டும். நீறாத சுண்ணாம்பு வியர்வையில் பட்டாலே தோலை வேகவைக்கும். விழுகிற பிள்ளையின் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வாளிக்குள் கையை விட்டு, சூடில்லை என்று அவரே பார்த்த பிறகுதான் முதல் கோடு விழும்.

செம்மண்ணில் அந்த வெள்ளைக் கோடு தெரிந்ததுபோல் இங்குள்ள எந்தப் புல்லிலும் தெரியவில்லை.

80களில் கயிறு பிடித்த கைகள் ஒவ்வொன்றாக விமானம் ஏறின. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சேர் புதுப் பிள்ளைகளை நிறுத்தி, முடிச்சு எண்ணுவதிலிருந்து பழக்கினாராம். நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அவருடைய முகவரி எல்லோருக்கும் தெரியும். மைதானத்தின் வடக்கு வேலிக்கு அடுத்த வீடு.